தம்பிக்குத் தொக்கம் எடுத்த வாரம்

அன்று வீட்டில் இருந்தவர்கள் அம்மா, நான், மூன்று வயதுகூட நிரம்பாத என் தம்பி. அப்பாவும் அண்ணனும் இல்லை. இருவரும் ஒரே லாஞ்சில் கடலுக்குப் போயிருந்தார்கள். கரைக்கு வர இன்னும் மூன்று நாள் ஆகும். காசிமேட்டில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அப்போது பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி காலையிலிருந்து வாந்தி எடுத்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தொப்புளைக் காட்டுவான். மறுபடி கேட்டால் முட்டியைக் காட்டுவான். அம்மா விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்தாள். அதுவும் வெளியே வந்தது.

"நண்டு ஓடு இன்னாமோ மாட்டிக்கினு கீதுடா. தொக்கம்தான்" என்றாள்.

குழந்தைக்குச் சோறு இறங்காவிட்டால் உள்ளே ஏதோ சிக்கிக்கொண்டது என்போம். அதற்குப் பெயர் தொக்கம். அதை எடுக்க ராயபுரத்தில் ஓர் அம்மாள் இருந்தாள். நான்தான் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் தம்பியின் வயிற்றில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவினாள். பிறகு வாய் வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் துப்பிக் காட்டினாள். உண்மையிலேயே ஒரு துண்டு நண்டு ஓடு!

"பாத்தியா, இத்துனூண்டு. இதுக்குத்தான் புள்ள இவ்ளோ பேஜாரு பண்ணிச்சு."

பி.யு.சி. படிக்கிற நானும் நம்பினேன்.

மறுநாள் காலை தம்பி அழவில்லை. அம்மா நிம்மதியாகக் கூடையை எடுத்துக்கொண்டு மீன் ஏலத்துக்குக் கிளம்பினாள். எனக்கு மட்டும் என்னவோ போலிருந்தது. வாசற்படியிலிருந்து என் மேல் குதிப்பது என்றால் தம்பிக்கு உயிர். "குதிடா, புடிக்கிறேன்" என்றேன். வலது பக்கமாகக் கூனிக்கொண்டு நின்றானே தவிர குதிக்கவில்லை. வயிற்றைத் தொட்டேன். பலகை மாதிரி இருந்தது, நெருப்பாகக் கொதித்தது.

"எம்மா, கூடைய வை. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அதான் தொக்கம் எடுத்தாச்சே? நாலு எழுத்து படிச்சா நீ டாக்டராய்ட்டியா?"

"அவன குதிக்கச் சொல்லு, பாக்கலாம்."

அம்மா கையை நீட்டிக் கூப்பிட்டாள். அவன் அவளைப் பார்த்துவிட்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தான். அம்மா கூடையைக் கீழே வைத்தாள்.

ரிக்‌ஷா குலுங்கும்போதெல்லாம் அலறினான். ரயில்வே கேட் வந்ததும் ரிக்‌ஷாக்காரர் இறங்கி, தண்டவாளத்தின் மேல் வண்டியைப் பிள்ளையை ஏந்துவதுபோல் ஏந்திக் கடத்தினார். "அயாத நைனா, தோ வந்துட்சு" என்று சொல்லிக்கொண்டே மிதித்தார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றில் கை வைத்ததுமே முகம் மாறினார்.

"குடல்வால் வீங்கி வெடிச்சிருக்கும்போல. வெடிச்சதும் வலி கொஞ்சம் அடங்கும், அதான் அழல. இந்த வயசுல குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

"வாலா? எம்புள்ளைக்கு ஏதுமா வாலு?" என்றாள் அம்மா.

"வீட்டுல என்ன கொடுத்தீங்க?"

"ஒண்ணுமே குடுக்கல தாயீ."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். ஆனாலும் சொன்னேன்: விளக்கெண்ணெய், நீவினது, தூக்கிக்கொண்டு போனது நான் என்பது.

"நீ படிக்கிறவன்தானே?" என்றார் டாக்டர்.

சம்மதப் படிவம் இங்கிலீஷில் இருந்தது. வாசித்து, அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு வரி: உயிர் போனாலும் சம்மதம். அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினேன். அம்மா கட்டைவிரலை மையில் தோய்த்து உருட்டினாள்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, "பொழச்சுக்குவான்" என்றார். அப்போதுதான் அம்மா அழுதாள்.

பத்தொன்பது நாள் வார்டில் இருந்தோம். இப்போது நினைத்தால் அந்த நாட்களே இனிப்பாக இருக்கின்றன. பாலில் ஊறிய பன், வரிசைக் கட்டில்கள், "வால அறுத்தும் இவன் வாலுத்தனம் போவலியே" என்று தம்பியைச் சீண்டும் ஆயா. ஒருநாள் அம்மா தானாகவே சொன்னாள்: "அந்தப் பேப்பர படிக்கறப்ப ஒரு எடத்துல எச்சி முழுங்குனியே, அப்பவே தெரிஞ்சிதுடா. சொன்னா நான் கைநாட்டு வெக்க மாட்டேன்னு வுட்ட. நானும் கேக்கல."

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாளே அப்பா லாஞ்சிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தார். கை காலில் உப்பு காய்ந்திருந்தது. தம்பி மூச்சுவிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எவ்ளோ ஆனாலும் ஆவட்டும். வலைய வித்துட்லாம்" என்றார்.

வலையை விற்கவேண்டி வரவில்லை. அது தர்ம ஆஸ்பத்திரி. ரிக்‌ஷா, பால், பன், வெளியே வாங்கிய மருந்து எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு ரூபாய் ஆயிற்று.