திருநின்றவூரில் ஊமையாக இருந்த காலம்

பஸ் கண்டக்டர்கள் மேல்தான் எனக்கு முதல் கோபம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏறினால், "உள்ள தள்ளி நில்லும்மா, எங்கம்மா போவணும்?" என்று தன்மையாகத்தான் கேட்பார்கள். "ஆவடி ஒண்ணு" என்பேன். அவ்வளவுதான். நிமிர்ந்து ஒரு பார்வை. நல்லவர்கள் "சார்" என்று மாற்றிக்கொள்வார்கள், மற்றவர்கள் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். புடவை, பின்னல், பொட்டு, கனகாம்பரம் என்று காலையெல்லாம் பாடுபட்டுச் சேர்த்ததை என் தொண்டை இரண்டே சொல்லில் தின்றுவிடும். மருந்துக்கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரைகள் கன்னத்தை மெத்தென்று ஆக்கின. குரலிடம் மட்டும் அவற்றின் பாச்சா பலிக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. எங்களைக் குறிக்க இன்றிருக்கும் மரியாதையான சொல் அன்று கிடையாது, இருந்தவற்றில் ஒன்றைச் சொல்லித்தான் ஆவடி வீட்டுக்காரர் என்னைக் காலி செய்யச் சொன்னார். அடுத்த வீட்டையாவது வாயைத் திறக்காமல் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

திருநின்றவூரில் ஒரு வீட்டுக்காரி அக்கா கிடைத்தாள். மெட்ராஸிலிருந்து வந்து மலிவாக மனை வாங்கி வீடு கட்டியவள். கணவர் ஆவடியில் ஃபேக்டரி வேலை. பின்பக்கத்து ஒற்றை அறையை வாடகைக்கு விட்டிருந்தாள். அவள் கேட்ட முதல் கேள்விக்கு நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். ஜலதோஷம் என்று நினைப்பாள் என்பது என் கணக்கு. அவளோ, "ஐயோ, பேச்சு வராதா? இன்னாம்மா இது, மூக்கும் முழியுமா கீற, ஆண்டவர் இப்டி பண்ட்டாரே!" என்று கண்கலங்கிவிட்டாள். நான் பொய் சொல்லவில்லை. ஊமை எப்படிப் பொய் சொல்ல முடியும்?

பேசாத பெண்ணுக்கு நம் ஊரில் இருக்கும் மவுசே தனி. "குணமான பொண்ணு, எதிர்த்து ஒரு வார்த்த பேசாது" என்று அக்கா தெருவெல்லாம் சொன்னாள். மாமியார் கொடுமை, மருமகள் கொடுமை இரண்டும் சம்பந்தப்பட்ட இரண்டு பேர் வாயாலும் என் அறைக்கு வந்து சேர்ந்தன. ரயிலுக்கு சீசன் பாஸ், வேலை செய்த கார்மெண்ட்ஸில் மிஷின் சத்தம். பேச்சே தேவைப்படவில்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நிம்மதியை நான் அறிந்ததில்லை. தெருவே என்னைப் பெண் என்றது. அந்த ஒன்றுக்காக ஆயுசு முழுக்க ஊமையாக இருக்கவும் நான் தயார்.

வினை ஜெபத்தின் வழியாக வந்தது. அக்கா சபைக்குப் போகிறவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டு ஹாலில் வீட்டு ஜெபம். முக்காடு போட்ட பெண்களும், ஆர்மோனியம் இல்லாத குறையைத் தொண்டையாலேயே தீர்த்துவைக்கும் பாஸ்டரும் கூடுவார்கள். என்னை நடுவில் உட்கார வைத்து, தலையில் எண்ணெய் பூசி, "ஊமையான ஆவியே, வெளியே வா! பேசு மகளே!" என்று ஜெபிப்பார்கள். மகளே என்ற சொல்லுக்காகவே நான் வாரம் தவறாமல் போனேன். உலகத்திலேயே, தனக்காகச் செய்யும் ஜெபம் பலித்துவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் எதிர்ஜெபம் செய்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆவி அசையவில்லை. பார்த்தாள் அக்கா, எனக்காக உபவாசம் இருக்கத் தொடங்கினாள். அவளுக்கோ சர்க்கரை வியாதி. சைகையில் எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன், "நீ சும்மா இரும்மா" என்றுவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, அதற்குமேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்ததைப் பார்த்தேன்.

அன்று ஜெபம் உச்சத்துக்குப் போனபோது அக்கா வேர்த்து விறுவிறுத்து, நடுங்கி, தடாலென்று விழுந்தாள். யாரும் தூக்கவில்லை. பரிசுத்த ஆவி இறங்கினால் விழுவதுதானே வழக்கம்! "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று கைதட்டல் இன்னும் பலத்தது. பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு மேலே பார்த்தார். ஒரு பெண் ஆனந்தக் கண்ணீரே விட்டாள். நான் அக்கா தோளைப் பிடித்து உலுக்கினேன். கை சில்லிட்டிருந்தது. எல்லோரையும் கைகாட்டிக் கூப்பிட்டேன். எனக்கும் ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்து மேலும் தட்டினார்கள்.

ஆவடி வீடு ஞாபகம் வந்தது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்ற தெரு ஞாபகம் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"யோவ், கத்தாதீங்க! சுகர் கொறஞ்சிடுச்சி! சக்கரத் தண்ணி கொண்டாங்க!"

தெருமுனைவரை கேட்டிருக்கும். மாதக்கணக்கில் அடைத்து வைத்த குரல் வேறு. கைதட்டல் நின்றது. யாரோ ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவர, நான் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். அக்கா கண்ணைத் திறந்தாள்.

"பேசிட்டா! அற்புதம்!" என்று ஆரம்பித்தார் பாஸ்டர். ஓரத்திலிருந்து ஒரு பெண், "அற்புதம்தான் பாஸ்டர், ஆனா ஆம்பளக் கொரலா கீதே?" என்றாள்.

முடிந்தது கதை என்று நான் மனதுக்குள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். பாஸ்டர் எழுந்து என் கிட்டே வந்தார். பிறகு என் தலைமேல் கையை வைத்தார். "ஊமை ஆவி போய்விட்டது. பின்னால் ஒளிந்திருந்தவன் இப்போது பேசுகிறான். ஆண் ஆவியே, இந்தப் பெண்ணை விட்டுப் போ! இவள் உன்னுடையவள் அல்ல!"

நான் உடைந்து அழுதேன். ஆவி நெளிகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தினார். மீசை அரும்பிய வயதிலிருந்து இதே ஜெபத்தைத்தான் நான் தலையணைக்குள் செய்துகொண்டிருந்தேன். எனக்காக இன்னொரு வாய் அதைச் சத்தம் போட்டுச் சொன்னது அன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

அவன் போகவில்லை. மாதங்கள் போயின, எண்ணெய்தான் தீர்ந்தது. பாஸ்டருக்கே அலுத்துவிட்டது. ஒருநாள் வாசலில் நின்று, "ஆவி போகிறவரைக்கும் அந்தச் சகோதரி வேறெங்காவது இருக்கட்டுமே" என்று அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னார். பின்பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. அக்காவின் பதில் விழாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

"நான் ஊட்ல குடி வச்சது பொண்ண, பாஸ்டர். கூட ஒண்டிக்கினு கீறவன் போனா போவட்டும், கெடந்தா கெடக்கட்டும்."