நெல் வயலில் ஒரு ஹார்ன் ஆன்டெனா

வேலையில் சேர்ந்த முதல் வாரமே எங்கள் கருவியை ஊரார் மறித்தார்கள்.

எழுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் நான் டெக்னீஷியன். வானமெங்கும் பரவியிருக்கும் மைக்ரோவேவ் கதிர்வீச்சை அளப்பது பேராசிரியர் சுந்தரத்தின் ஆசை. பிரபஞ்சம் தோன்றிய காலத்துச் சூட்டின் மிச்சம் அது. நம் பால்வீதி ஓடும் திசையில் அது ஒரு துளி கூடுதல் சூடாகத் தெரியும். அதைப் பிடித்துவிட்டால் நாம் போகும் வேகம் தெரியும் என்பார். எந்தப் பக்கமும் மறைக்காத வெட்டவெளி வேண்டியிருந்தது. அறுவடை முடிந்த வயல் ஒன்றைக் காட்டி, அதில் கருவியை வைத்துக்கொள்ளப் பக்கத்துக் கிராமத்துப் பண்ணையார் சம்மதித்தார்.

முக்காலியை ஊன்றி, தகரப் புனல் போன்ற ஹார்ன் ஆன்டெனாவை அதில் ஏற்றி, லாரி பேட்டரியை இணைத்ததும் நாற்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். நில உச்சவரம்பு, குத்தகை வழக்கு என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்த நேரம். முக்காலியைப் பார்த்தால் சர்வே என்றுதானே நினைப்பார்கள்? அந்த வயலைக் குத்தகைக்கு உழுத அஞ்சம்மாள் முன்னால் வந்தார்.

"எங்கள வெளியேத்தத்தானே அளக்க வந்திருக்கீங்க?"

"வயலை இல்லம்மா, வானத்தை அளக்குறோம்" என்றார் பேராசிரியர்.

"வானத்த அளந்து யாரு பேருக்குப் பட்டா போடப் போறீங்க?"

கூட்டம் சிரித்தது, ஆனால் நகரவில்லை. பேராசிரியர் பால்வீதியைப் பற்றி விளக்க ஆரம்பித்ததும் சிரிப்பும் நின்றுபோனது. ஒருவர் முக்காலியைப் பிடுங்கக் கை வைத்தார். நான் தாளில் கோடு இழுக்கும் ரெக்கார்டரை ஓடவிட்டேன்.

"அம்மா, இந்தத் தகர வாய்க்கு முன்னால கைய நீட்டுங்க" என்றேன். நீட்டினார். ரெக்கார்டரின் பேனா துள்ளி ஏறியது. கையை எடுத்தார், இறங்கியது.

"இது சூட்ட மட்டும்தாம்மா பாக்கும்."

அவர் நம்பவில்லை. ஆன்டெனாவைத் தானே பிடித்து வயலை நோக்கித் திருப்பினார். மண்ணின் சூட்டில் பேனா தாளின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. வரப்பைக் காட்டினார், அப்போதும் அசையவில்லை.

"இதுக்கு என் வயலும் அடுத்த வயலும் ஒண்ணாத்தான் தெரியுது. இத வச்சு ஒரு குழி நெலம்கூட அளக்க முடியாது, விடுங்கடா" என்றார் கூட்டத்திடம். பிறகு பேராசிரியரிடம், "இருந்தாலும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். 'இக்கருவி நிலத்தை அளக்காது' என்று பேராசிரியர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

மறுநாள் பண்ணைக் கணக்குப்பிள்ளை வந்து, "அப்படியே இந்த வயலையும் அளந்து குடுத்துடுங்க சார்" என்றார். நாங்கள் வாயைத் திறக்குமுன் அஞ்சம்மாள் அந்தக் கடிதத்தை அவரிடம் நீட்டினார். அதன் பிறகு ஆன்டெனா முன் ஆளும் மாடும் வராமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

பால்வீதியின் வேகம் எங்களுக்குப் பிடிபடவில்லை. டெல்டாக் காற்றின் ஈரம் அந்தச் சிறு வித்தியாசத்தை மூழ்கடித்துவிட்டது. பிற்பாடு வேறு நாட்டவர்கள் வானத்தில் உயரப் பறந்து அதை அளந்தார்கள். நான் கற்றது வேறு. அதன் பின் எந்த ஊருக்குக் கருவியைக் கொண்டுபோனாலும், அதிகம் சந்தேகப்படும் ஆளைத் தேடிப் பிடித்து, முதலில் அவரிடமே இயக்கக் கொடுத்துவிடுவேன்.