சாமி படத்துக்குப் பின்னால் இருந்த கார்டு

கடன் என்றாலே எனக்கு உடம்பு நடுங்கும். தேயிலைத் தோட்டத்துக் கடையில் கடன்பட்டே செத்துப்போனவர் என் அப்பா. அதனால், மஸ்கெலியாவில் நான் வாத்தியாரானதும் வங்கி தந்த கிரெடிட் கார்டை சாமி படத்துக்குப் பின்னால் போட்டுவைத்தேன்.

அம்மாவின் இருதய ஆபரேஷனுக்குத் திருச்சி போக விமான டிக்கெட் போட்டபோது, "அந்தக் கார்டுல கட்டுங்க" என்றாள் மனைவி.

"கடன்பட்டா பயணம் போறது?" என்று எரிந்து விழுந்து, சேமிப்புக் கணக்கின் டெபிட் கார்டில் கட்டினேன். போன் இரண்டு முறை அதிர்ந்தது. டிக்கெட் காசு இரண்டு தடவை வெட்டுப்பட்டிருந்தது! ஆஸ்பத்திரிக்கு ரொக்கமாக எடுக்கவிருந்த காசில் பாதி போய்விட்டது. பயணத்துக்கோ இரண்டே நாள்.

ஹட்டன் வங்கிக்கு ஓடினேன். "திரும்பி வர மூணு கிழமை, இருபத்தொரு நாளாகும் சேர். கிரெடிட் கார்டுன்னா, நாங்க விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் உங்க காசு அப்படியே இருந்திருக்கும்" என்றாள் அங்கிருந்த பெண்.

வீட்டில் நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா தோட்டைக் கழற்றிவிட்டார். "அடகு வச்சிட்டு வாப்பா. ஆபரேஷனுக்கு எப்படியும் கழட்டத்தானே சொல்லுவாங்க."

விமானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் காதில், கடன்படாதவன் என்ற என் பெருமை வெறும் ஓட்டையாகத் தெரிந்தது.