தொட்டியோரம் நின்ற குடை

மீன்களுக்குச் சாப்பாடு தயாரிப்பதுதான் என் உத்தியோகம். விஞ்ஞானி என்றால் வீட்டில்கூட நம்புவதில்லை. எட்டு வருடம் ஆய்வுக்கூடத்தில் மல்லுக்கட்டி, கருவாட்டுத் தூளுக்குப் பதில் எள்ளுப் புண்ணாக்கு சேர்த்து ஒரு தீவனம் செய்தேன். தென்காசிப் பக்கம் செல்லத்துரை அண்ணாச்சியின் மீன் தொட்டிகளில்தான் முதல் சோதனை. குற்றாலச் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக ஒரு மீனும் அதைத் தொடவில்லை.

மணிக்கொரு தடவை குடையோடு போய் எட்டிப் பார்த்தேன். தீவனத்தை நானே மென்றும் பார்த்தேன், ருசியாகத்தான் இருந்தது. ஆய்வு தோற்றுவிட்டதென்று மேலதிகாரிக்குக் கடிதமே எழுதிவிட்டேன்.

மூன்றாம் நாள், அண்ணாச்சியின் மனைவி பொன்னுத்தாய் தீவன வாளியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"சார், நீங்க செத்த நேரம் அங்கன போய் உக்காருங்க."

"ஏன்க்கா?"

"கறுப்புக் கொடையோட குனிஞ்சு குனிஞ்சு பாக்குதீய. எனக்கே பயமா இருக்கு. மீனுக்கு எப்படி எறங்கும்?"

மோட்டார் அறைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். சற்று நேரத்தில் தொட்டியில் மீன்கள் முட்டி மோதும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்க எழுந்தவனை, "அங்கனயே இருங்க" என்று அதட்டினார். இருந்தேன். சட்டைப்பையில் இருந்த கடிதத்தைக் கிழித்தேன்.

இப்போதெல்லாம் மகள் பரீட்சைக்குப் படிக்கும்போது, நான் பேசாமல் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன். நன்றாகவே மார்க் வாங்குகிறாள்.