கிணற்று மருந்தும் காதுச் சோதனையும்

நான் வந்து சேர்ந்த நோர்வே நகரத்தில், தபால்பெட்டிக்குள் ஊர்க் கடிதங்களை விடக் 'கொம்யூன' அனுப்பும் தாள்கள்தான் அதிகம் விழும். கொம்யூன என்பது எங்கள் பிரதேச சபை மாதிரி. குப்பை எடுக்கும் நாள் மாறினால் ஒரு தாள், தெருவிளக்கை மாற்றினால் இன்னொரு தாள். வந்த புதிதில் அப்படியொரு தாள் என்னை 'ஹோறிங்'குக்கு அழைத்தது. 'ஹோற' என்றால் காதால் கேட்பது என்று மொழி வகுப்பில் அப்போதுதான் படித்திருந்தேன். ஊரில் பக்கத்து வளவில் ஷெல் விழுந்த நாளிலிருந்து என் இடது காது கொஞ்சம் மந்தம். அகதியாய் வந்தவனின் காதைக்கூடத் தேடிச் சோதிக்கிறார்களே என்று மனம் உருகி, காதைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் டாக்குத்தரைக் காணவில்லை. கோப்பியும் கேக்கும் இருந்தன. வயது போனவர்கள் சிலர் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். கொம்யூன அதிகாரியான ஒரு பெண் ஒவ்வொருவராகக் கேட்டு வந்து, எனக்கும் சொல்வதற்கு ஏதும் உண்டா என்றாள். எழுந்து நின்று, இடது காது சரியாகக் கேட்பதில்லை என்று எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. வீதி இரைச்சல் அவ்வளவு மோசமா என்று கேட்டு, குறித்தும் கொண்டாள். வீதியை அகலமாக்குவது பற்றிச் சனங்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் அது என்பதைப் பக்கத்திலிருந்த கிழவர் கைச்சாடையால் விளக்கியபோது, என் வாய் நிறையக் கேக் இருந்தது.

வெட்கம் எனக்குச் சற்றுக் கூடுதலாக வந்ததற்குக் காரணம் உண்டு. ஊரில் நானே சபைக்காரன். புத்தூருக்குக் கிட்ட ஒரு கிராமத்தில், சபையின் உப அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தேன். தொண்ணூறாம் ஆண்டில் கீரிமலைப் பக்கத்துச் சனங்கள் சண்டையால் இடம்பெயர்ந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். கொஞ்ச நாளில் வயிற்றோட்டம் ஊர் முழுக்கப் பரவியது. கிணறுகளுக்குக் குளோரின் போடுவதென்று முடிவாயிற்று. அதற்கான அறிவித்தலை எங்கள் செயலாளர் எழுதினார். அவர் நல்ல மனிதர், ஆனால் வீட்டில் சோறு கேட்பதையும் சுற்றுநிருபத் தமிழில் கேட்பவர். 'கிணறுகளுக்கு மருந்து இடப்படவுள்ளது, பொதுமக்கள் அச்சமடையத் தேவையில்லை' என்று எழுதித் தந்தார். பெற்றோல் கிடைக்காததால் மண்ணெண்ணெயில் ஓடிய வாடகைக் காரில் ஒலிபெருக்கியைக் கட்டி நான் ஊரெல்லாம் வாசித்துக்கொண்டு போனேன்.

அந்தக் காலத்தில் ஒலிபெருக்கி கத்தினால் ஒன்றில் ஊரடங்கு, இல்லாவிட்டால் ஓடச் சொல்லும் செய்தி. என் குரல் கேட்டதும் சனங்கள் குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்குள் இறங்கிவிட்டார்கள். இறங்குமுன் காதில் விழுந்தது 'கிணறுகளுக்கு மருந்து' என்பது மட்டும்தான். தோட்டக்காரருக்கு மருந்து என்றால் புகையிலைப் பூச்சிக்கு அடிக்கிற நஞ்சு.

அடுத்தநாள் காலை அலுவலக வாசலில் ஊரே நின்றது. முன்னால் கந்தையா அண்ணை, தோளில் மண்வெட்டியோடு. பக்கத்தில் அவர் மனைவி பாக்கியமக்கா. வயிற்றோட்டத்தில் சோர்ந்துபோன கடைசிப் பிள்ளை அக்காவின் தோளில் துவண்டு கிடந்தது.

"கிணத்துக்கு மருந்தடிச்சால் நாங்கள் என்னத்தைக் குடிக்கிறது?" என்றார் கந்தையா அண்ணை.

செயலாளர் வெளியே வந்து நுண்ணுயிர்களைப் பற்றி விளக்கினார். யாருக்கும் விளங்கவில்லை. கடைசியில், முன்னமே குளோரின் போட்டிருந்த அலுவலகக் கிணற்றில் அள்ளிய தண்ணீரைக் குடித்துக் காட்டும்படி என்னிடம் சொன்னார். நான் செம்பைத் தூக்கினேன்.

"தம்பி குடிக்க வேண்டாம்," என்றார் பாக்கியமக்கா, செயலாளரைப் பார்த்து. "அவர் நீங்கள் சொன்னால் எதையும் குடிப்பார். ஐயா நீங்கள் குடியுங்கோ."

செயலாளர் குடித்தார். முகம் கோணியது. சனங்கள் கலையவில்லை, விழுகிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதிரையில் இருக்கப் போனவரை, நிற்கும்படி கந்தையா அண்ணை பணிவாகக் கேட்டுக்கொண்டார். நெடுநேரம் கழித்துச் செயலாளர் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டபோதுதான் கூட்டம் மூச்சு விட்டது.

"அப்ப பிள்ளைக்கு உதிலை பால்மாக் கரைக்கலாமோ?" என்று கேட்டார் பாக்கியமக்கா.

செயலாளர் பிள்ளையைப் பார்த்தார். அவருடைய சுற்றுநிருபத் தமிழ் எங்கோ போய்விட்டது. "ஓம் தங்கச்சி. கொதிக்க வைச்சு ஆறவிட்டுக் கரை. உங்கடை கிணத்துக்கு இண்டைக்குப் போட்டால் நாளைக்கு அள்ளலாம். அதுவரைக்கும் இஞ்சை வந்து அள்ளு."

அதன்பிறகு அவர்களே நின்று கதைத்து, யாருடைய கிணறு முதல், அன்றைக்கு யார் யாருக்குத் தண்ணீர் கொடுப்பது என்று தீர்த்துக்கொண்டார்கள். வயிற்றோட்டம் அடங்கியது. பாக்கியமக்காவின் பிள்ளையும் எழும்பி ஓடத் தொடங்கியது. ஆனால் சனங்களுக்கு ருசி பிடித்துவிட்டது. கிழமைக்கொருமுறை வந்து மதகு ஏன் உடைந்தது, சந்தை ஏன் நாறுகிறது என்று செயலாளரை நிறுத்திவைத்துக் கேட்டார்கள். சபைக்கு ஒருவரும் வருவதில்லை என்று முன்பு குறைப்பட்டவர், பின்படலையால் வீட்டுக்குப் போகப் பழகினார்.

எனக்கு வாக்குரிமை வந்த காலத்தில் அந்தச் சபைக்கு ஒரு தேர்தலும் நடக்கவில்லை. இங்கே, மூன்று வருடம் வாழ்ந்த அந்நியனும் கொம்யூனத் தேர்தலில் வாக்குப் போடலாம். தொண்ணூற்றைந்து செப்டெம்பரில், என் வாழ்க்கையின் முதல் வாக்கைப் போடப் போனேன். மறைப்புக்குள் நின்று வேட்பாளர்களின் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒருவரையும் தெரியாது. ஊரில் இப்போது சண்டை நெருங்குகிறதாம், அலுவலகம் திறந்திருக்குமா, கந்தையா அண்ணை வாசலில் நிற்கிறாரா என்று நினைவு ஓடியது. நான் நெடுநேரம் வெளியே வராததால், எல்லாம் சரியா என்று திரைக்கு அப்பால் தேர்தல் அதிகாரி ஒருவரின் குரல் கேட்டது.

"ஓம், வாறன்," என்றேன் தமிழில்.

அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். வெளியே வந்தபோது, கையால் வாக்குப்பெட்டியைக் காட்டினார்.