தேவகியம்மாளின் இரண்டு கட்டில்கள்

தேவகியம்மாள் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். கிருஷ்ணகிரியிலிருந்து எங்கள் ஓசூர் பிரசவ விடுதிக்கு மருந்துப் பெட்டி அவருடைய பஸ்ஸில்தான் வரும். போன செவ்வாய்க்கிழமை பெட்டியை இறக்கி வைத்தவர் கையெழுத்து வாங்காமல் நின்றார். "உங்க டீச்சரம்மா காலைல போய்ட்டாங்களாம்" என்றார். எதிர்பார்த்த சாவுதான். ஆனாலும் பெட்டியைப் பிரித்துப் புட்டிகளை அலமாரியில் அடுக்கி முடிக்கும்வரை அந்தச் சொல் எனக்குள் இறங்கவில்லை.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சி வகுப்பு தொடங்கியபோது நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். சின்ன வயதில் கணவனை இழந்து, பெங்களூரில் நர்ஸ் படிப்பு படித்தவர். உடற்கூறு அவர் பாடம், வார்டு வேலை என் பாடம். வகுப்புக்கு எலும்புக்கூடு கேட்டு எழுதினோம், வரவில்லை. வந்து சேர்ந்த பெண்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். கரும்பலகையில் எழுதிய உறுப்புப் பெயர்களைப் பாட்டுப் போல ஒப்பிப்பார்கள். உடம்பில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள்.

தேவகியம்மாள் மத்தூர்ச் சந்தைக்குப் போய், கூடை முடைகிறவர் ஒருவரிடம் புத்தகப் படத்தைக் காட்டி, மூங்கிலில் ஓர் இடுப்பெலும்பு செய்து வாங்கி வந்தார். பழைய சேலையில் கர்ப்பப்பை தைத்தார். உள்பக்கம் சிவப்புத் துணி. அதற்குள் துணிக் குழந்தை, பஞ்சு வைத்த நஞ்சுப்பை, முறுக்கிய நூலில் தொப்புள்கொடி. பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு தடவி, தலை எது, தோள் எது என்று சொல்ல வேண்டும். "பேரு அப்புறம் வரட்டும். மொதல்ல கைக்குத் தெரியட்டும்" என்பார். நான் சென்னையில் உண்மையான எலும்பை வைத்துப் படித்தவள். இது பொம்மை விளையாட்டு என்று மற்ற நர்ஸுகளிடம் சொல்லிச் சிரித்தேன். அது அவர் காதுக்கும் போயிருக்கும்.

அடுத்த மழைக்காலத்தில் குருபரப்பள்ளியிலிருந்து ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட ஆள் வந்தது. வகுப்பில் படித்த முனியம்மாவை அழைத்துக்கொண்டு நான் போனேன். குழந்தை பிறந்து நேரமாகியிருந்தது. நஞ்சு விழவில்லை என்று வீட்டிலிருந்தவர்கள் கொடியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். சிவப்பாக ஏதோ வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. நஞ்சுதான் பாதியில் சிக்கிக்கொண்டது என்று நினைத்து நான் கையை வைத்தேன். முனியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அது பைங்க சிஸ்டர். உள்ள வெளிய திரும்பிடுச்சு. இழுக்காதீங்க." தலையணை உறையைப் புரட்டுவது போல அந்தத் துணிப்பையைப் புரட்டி, தேவகியம்மாள் அவளுக்குக் காட்டியிருந்தார். இருவரும் அதை உள்ளே தள்ளப் பார்த்தோம். கொஞ்சம் போயிற்று. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. மாட்டுவண்டியில் வரும் வழியில், கிருஷ்ணகிரி மலை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அந்தத் தாய் இறந்துபோனாள். இருபது வயதுகூட இருக்காது.

மறுநாள் தேவகியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போலும். சொல்லவில்லை. "அவ சாவுக்கு நீ காரணமில்ல. ஆனா உன் கைக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். அன்று மாலை பெண்களோடு தரையில் உட்கார்ந்து நானும் ஒரு பை தைத்தேன். அந்தச் சொல்லுக்காக ரொம்ப நாள் அவரை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அது தப்பென்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

சென்ற ஆண்டு அவர் மெலிந்துகொண்டே வந்தார். வயிறு மட்டும் ஏறியது. பெங்களூரில் பார்த்துவிட்டு, வயிற்றில் கட்டி, அறுத்துத் திறந்தால் மூடுவதற்குத்தான் நேரமிருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். வந்த மூன்றாம் நாள் வகுப்பில் இரண்டு கட்டில்கள் போடச் சொன்னார். ஒன்றில் ஆஸ்பத்திரி சலவைக்காரரின் மகள் சின்னத்தாயி, ஆறு மாதக் கர்ப்பிணி, படுத்திருந்தாள். மற்றொன்றில் தேவகியம்மாள் ஏறிப் படுத்து, சேலையை விலக்கி, வயிற்றைக் காட்டினார். கட்டியைக் கர்ப்பமென்று நினைத்துப் பத்து மாதம் காத்திருந்து செத்த பெண்களைப் பற்றிச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வயிற்றையும் தொட்டுப் பார்த்து, எது என்ன என்று ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும்.

பெண்கள் அழுதார்கள். "அழுதா கை நடுங்கும். வெளிய போய் அழுதுட்டு வாங்க" என்றார். போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து ஒவ்வொருத்தியாகத் தொட்டார்கள். சின்னத்தாயியின் குழந்தை உதைத்தபோது ஒருத்தி சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "சிரிடி, அதுக்கென்ன" என்றார்.

நான் வாசற்படியிலேயே நின்றிருந்தேன். கடைசியில் என்னையும் கூப்பிட்டார். கையை வைத்தேன். என்ன தெரிகிறது என்று கேட்டார். "பெருசா ஒண்ணும் இல்லக்கா" என்றேன். அவர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்.

"இந்தப் பொண்ணுங்க முன்னால பொய் சொல்லாத. நெசத்தச் சொல்லு."

"கல்லு மாதிரி இருக்குதுக்கா. அசையல. தொப்புளுக்கு மேல வந்துடுச்சு."

"எத்தன வெரல் மேல?"

"ரெண்டு."

"எழுதிக்குங்க" என்றார் பெண்களிடம்.

அதற்குப் பிறகு நான் ஓசூருக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரியாத நிலையில் இருந்தார். அடக்கத்துக்கு என்னால் போக முடியவில்லை. விடுதியில் இரண்டு பேர் வலியில் இருந்தார்கள்.

இதைப் படிக்கிற, அவரோடு வேலை பார்த்த உங்களில் பலரிடம் பாடத்துக்காக அவர் தைத்த பையோ, மண்ணில் பிடித்த இதயமோ இருக்கலாம். என்னிடம் பொருளாக எதுவும் இல்லை. கை கண்டதை வாய் மாற்றிச் சொல்லக்கூடாது என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எனக்கு அது எளிதாக வருவதில்லை. சனிக்கிழமை பாகலூரிலிருந்து ஒரு பெண் வந்தாள், நிறைமாதம். இரண்டு நாளாகக் குழந்தை அசையவில்லை என்றாள். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் குழலை வைத்து நெடுநேரம் கேட்டேன். கையால் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உயிரோட இல்லம்மா" என்றேன். கையை அவள் வயிற்றிலிருந்து உடனே எடுக்கவில்லை.