நகோமி கேட்ட கேள்வி

எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. புதிதாக வந்த மருமகள் முதல் முறை பேச எழுந்தால் பைபிளில் வரும் மருமகள் ரூத்தைப் பற்றித்தான் பேசவேண்டும். மாமியாரை எதிர்த்துப் பேசாத உத்தமி என்று நாலு வார்த்தை சொல்லி உட்கார்ந்தால் எல்லோருக்கும் திருப்தி. பிறகு டீயும் பன்னும் வரும்.

எழுபதுகளின் கடைசியில் என் முறை வந்தது. அப்போது நான் திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கார்த்திகை தீபத்தன்று மற்ற பெண்கள் வீட்டில் விளக்கேற்ற வேண்டும் என்பதால் அவர்கள் ட்யூட்டியை நான் பார்ப்பேன். கிறிஸ்துமஸுக்கு என்னுடையதை அவர்கள் பார்ப்பார்கள். கல்யாணமாகி வந்த முதல் வருஷமும் வழக்கம்போல ஒப்புக்கொண்டுவிட்டேன். மாமியாருக்கு அது பொறுக்கவில்லை.

"ஊரே ஜனமா இருக்கற அன்னிக்கி நீ போயி உக்காரணுமா? வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடும்மா. நமக்கு என்ன கம்மி?" என்றார்.

என் கணவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அவர் வீரம் அவ்வளவுதான்.

வேலையை விட எனக்கு மனசில்லை. அந்த நிலையில்தான் கூட்டத்துக்காக ரூத்தின் கதையைப் பிரித்து உட்கார்ந்தேன். சின்னக் கதை. ஆனால் இத்தனை பேர் பேசிக் கேட்டும் ஒரு விஷயம் என் காதில் விழுந்ததே இல்லை. ரூத் வேலைக்குப் போனவள்.

கூட்டத்தில் மாமியார் முன்வரிசையில் இருந்தார்.

"வயல்ல கதிர் பொறுக்கப் போறேன்னு ரூத் கேட்டா. மாமியார் நகோமி தடுக்கல, போகச் சொன்னாங்க. சாயங்காலம் அவ திரும்பி வந்ததும், நீ இன்னிக்கி எங்க வேலை செஞ்சேன்னு கேட்டாங்க. எனக்கு ரூத்தைவிட நகோமியத்தான் புடிச்சிருக்கு. வேலை விட்டு வர்றவள அப்படிக் கேக்க வீட்ல ஒருத்தர் வேணும்ங்க."

அதோடு உட்கார்ந்துவிட்டேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. டீ மட்டும் வந்தது.

அதன்பிறகு மாமியார் வேலைப் பேச்சையே எடுக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. தீபத்தன்று நான் செருப்பை மாட்டும்போது இன்னொரு முறை வேண்டாம் என்றிருந்தால், அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பேன். அவர் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை.

அன்று எக்ஸ்சேஞ்ச் போர்டில் மூச்சுவிட நேரமில்லை. மலையில் தீபம் ஏற்றியாகிவிட்டதா என்று கேட்க ஊர் ஊராக ட்ரங்க் கால் வந்தபடி இருந்தது. ட்யூட்டி முடிந்து, தீபக் கூட்டத்தில் இடிபட்டு வீடு வந்தபோது தட்டு போட்டு வைத்திருந்தது. மாமியார் எதிரே உட்கார்ந்து ரசத்தை ஊற்றினார். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"இன்னிக்கி எந்தெந்த ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்த?"

மெட்ராஸ், பெங்களூர், வேலூர் என்று அழுதுகொண்டே சொன்னேன். ஒவ்வொரு ஊருக்கும் தலையாட்டிக் கேட்டார். அவர் இருந்தவரை, அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு நாளும் எனக்குச் சோறு போட்டதில்லை.